ஓதிய தண்ணீரும் நல்ல கண்ணும்

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் உடல் உறுப்புகளுக்குக் காவல் இருந்தேன். மண்ணில் சுட்ட கால்கள், கைகள், காதுகள், ஒரு கருப்பை, வெண்கலத் தகட்டில் வெட்டிய ஒரு சோடிக் கண்கள். புலம்பெயர்ந்து வந்த நாட்டில், பாடன் பக்கம் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் எனக்கு வேலை. வேலை என்றால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மூலைக் கதிரையில் இருப்பது, யாராவது கண்ணாடியில் கை வைத்தால் மெல்லச் செருமுவது. செருமலில் நான் கெட்டிக்காரன்.

மத்தியதரைக் கடலைச் சுற்றி வாழ்ந்த பழங்காலத்துச் சனம் நோய் வந்தால் என்ன செய்தது, யாரை நம்பியது என்பதுதான் கண்காட்சி. கால் நொந்தவன் மண் காலைச் செய்து கோயிலில் வைத்தான். கண் மங்கியவள் தகட்டுக் கண்ணை வைத்தாள். சிலர் கோயில் மண்டபத்திலேயே படுத்து உறங்கினார்கள். கனவில் தெய்வம் வந்து தடவிவிட்டுப் போனதாம். ஊர் ஊராகத் திரிந்த அற்புதக்காரர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பிரேத ஊர்வலத்தை மறித்து, இறந்த மணப்பெண்ணைத் தொட்டு ஏதோ முணுமுணுத்து எழுப்பிவிட்டாராம். அன்று மழை தூறிக்கொண்டிருந்தது, பெண்ணின் முகத்தில் ஆவி பறந்தது, உயிர் மிச்சம் இருந்ததோ என்னவோ என்று கதையை எழுதிவைத்தவரே இழுத்திருக்கிறார்.

"எங்கட ஆக்கள்தான்," என்று முதல் நாளே மனைவியிடம் சொன்னேன். "நாங்கள் வெள்ளியில செய்யிறதை அவை மண்ணில செய்திருக்கினம்."

"அப்ப நீங்கள் ஒரு மண் வாய் செய்து வையுங்கோ. அதாவது குறையட்டும்."

அவள் சொன்னது சரி. எல்லாம் வாயால் வந்தது.

டீட்டிகோனில் ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் விழா. வந்தவர்களில் ஒருவருக்கு விக்கல். முந்தின நாள் தொடங்கினது நிற்கவில்லையாம். சீனி கொடுத்தார்கள், தேசிக்காய் கொடுத்தார்கள், முதுகில் அடித்தும் பார்த்தார்கள். நான் எழும்பினேன். பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் எடுத்து, கண்ணை மூடி, ஊரில் தண்ணி ஓதுகிறவர்களைப் போல உதட்டுக்குள் ஓதத் தொடங்கினேன். எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது. வாயில் எதுவாவது வரவேண்டுமே. நாள்தோறும் ரயிலில் கேட்கிற பெயர்கள் வந்தன. சிலீரன், கிளான்சன்பேர்க், டீட்டிகோன், கில்வாங்கன், நொயன்ஹோஃப், வெட்டிங்கன், பாடன். கடைசியில் கோப்பைக்குள் மூன்று தரம் ஊதினேன். மனிதர் குடித்தார். விக்கல் நின்றது.

சிரிக்கவேண்டிய சனம் சிரிக்கவில்லை. அதைத்தான் நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். என் பக்கத்தில் இருந்தவர் தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு எனக்கு இடம் விட்டார். பயந்து அல்ல, மரியாதைக்கு.

அதற்குப் பிறகு பல்வலிக்காரர் வந்தார். நித்திரை வராதவர் வந்தார். சாரதிப் பரீட்சையில் இரண்டு தரம் விழுந்த ஒருவர், போத்தலோடு வீட்டு வாசலுக்கே வந்தார். ஓதினேன். அவர் பாஸ். எனக்கும் கழுத்து சற்று நிமிர்ந்தது, பொய் சொல்லக்கூடாது. கண்காட்சியில் விரல்நகம் அளவில் ஒரு வெள்ளித் தகடு இருந்தது. சுருட்டிக் கழுத்தில் கட்டினது. அதில் எழுத்துகள் உண்டு, பொருள் இல்லை. சனத்துக்குச் சுற்றிக்காட்டுகிற அம்மையார் ஒவ்வொரு முறையும் அதன் முன்னால் நின்று, விளங்காமல் இருப்பதுதான் இந்தச் சொற்களின் பலம் என்று சொல்வார். நான் மூலையில் இருந்து தலையாட்டுவேன், ஒரு தொழிற்காரன் இன்னொரு தொழிற்காரனை ஒப்புக்கொள்வதுபோல.

"இஞ்சருங்கோ," என்று மனைவி ஒருநாள் சொன்னாள். "விக்கலோட நிப்பாட்டுங்கோ. சனம் விக்கலோட நிக்காது."

சனம் நிற்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மூடுவதற்குக் கொஞ்ச நேரம் இருக்க, எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் ஒரு பெண் கணவனோடு என் மண்டபத்துக்குள் வந்தார். மட்டக்களப்புப் பக்கத்து ஆள். வெட்டிங்கனில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. நடக்க ஏலாதவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி உடுத்திவிடுவார். கணவர் ஒரு கிட்டங்கியில் பெட்டி ஏற்றுகிறவர், குள்ளமான, அதிகம் பேசாத மனிதர். அவர் மனைவியின் முழங்கையைப் பிடித்து, படிக்கட்டில் இறக்குவதுபோல, சமதரையில் நடத்திக்கொண்டு வந்தார். அதைக் கண்டதும் நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

"அண்ணன், என்ட கண்ணுக்குள்ள ஒரு திரை இறங்குது," என்றார் அந்தப் பெண். "கறுப்பா. மூலையில இருந்து வருது."

மற்றதைக் கணவர் சொன்னார். இப்போதுதான் கண் டொக்டரிடம் இருந்து வருகிறார்கள். விழித்திரை கழன்றுகொண்டு வருகிறதாம். நாளைக்குக் காலை வெட்டி ஒட்டவேண்டும், பிந்தினால் பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார்களாம். அது நல்ல கண். மற்றது சிறுவயதில் இருந்தே மங்கல், வெளிச்சம் இருட்டுத்தான் தெரியும். அதோடு, இவர் தாயாருக்கு ஊரில் கண்ணில் கத்தி வைத்து, கண் போயே போய்விட்டது. இவர் ஒப்பரேசனுக்குச் சம்மதம் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டார்.

"வெட்ட ஒண்ணா," என்றார் அந்தப் பெண். "நீங்க ஓதித் தாங்க. உங்கட கை ராசியான கை."

கைப்பையில் இருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. உள்ளே தண்ணீர் கொண்டுவரக்கூடாது என்பது விதி. என் வாய் தன்பாட்டில் விதியைச் சொன்னது. உலகம் இடிந்து விழுந்தாலும் விதி சொல்லுகிற வாயை இந்த நாடு எனக்குத் தந்திருக்கிறது.

அவர் அதைக் கேட்கவில்லை. தலையைச் சரித்து, மிச்சம் இருந்த பார்வையால் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். வெண்கலக் கண்களைக் கண்டுவிட்டார். "இஞ்சயும் கண் வச்சிருக்காங்க," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கை கூப்பினார்.

இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் எவளோ ஒருத்தி, தன் கண்ணுக்காக வைத்தது அது. அதன் முன்னால் எத்தனையோ பேர் நின்று வாசித்தார்கள், படம் எடுத்தார்கள், கொட்டாவி விட்டார்கள். அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்காக அதன் முன்னால் நின்ற ஒரே ஆள் அவர்தான். எனக்குச் செருமக்கூட வரவில்லை.

"ஒரு நிமிசம், வாறன்," என்று சொல்லிவிட்டு, துப்புரவுச் சாமான் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன்.

ஐம்பது வயது கடந்த மனிதன், சீருடையோடு, கவிழ்த்த ஒரு வாளியின் மேல் குந்தியிருந்தேன். ஓதாவிட்டால் அவர் போகமாட்டார். ஓதினால், கண் சுகம் என்று நினைத்துப் போகமாட்டார். இரண்டு பக்கமும் ஒரு கண் போகிறது. பின்கதவால் ஓடிவிடலாமா என்று யோசித்தேன். ஓடினால் எச்சரிக்கை மணி அடிக்கும். அந்த மணிக்கு ஓடிவரவேண்டிய ஆளும் நான்தான்.

அம்மையார் சொல்லும் கதைகளில் ஒன்று அப்போது ஞாபகம் வந்தது. ரோமப் பேரரசன் ஒருவன், அரியணை ஏறின புதிதில், அலெக்சாந்திரியாவில் இருந்தான். ஒரு குருடன் வந்து காலைப் பிடித்தான்: உங்கள் எச்சிலை என் கண்ணில் பூசுங்கள், தெய்வம் அப்படித்தான் கனவில் சொன்னது. அரசன் முதலில் சிரித்தான். பிறகு பயந்தான். சனம் சுற்றி நிற்கிறது, பலிக்காவிட்டால் மானம் போகும். கடைசியில் வைத்தியர்களைக் கூப்பிட்டு, இந்தக் கண்ணை மனிதரால் சுகப்படுத்த ஏலுமா என்று கேட்டான். பார்வை முற்றாகப் போகவில்லை, தடையை எடுத்தால் வரும் என்றார்கள் அவர்கள். அதற்குப் பிறகுதான் துப்பினான்.

இந்தக் கதையை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன். ஒவ்வொரு தரமும் குருடனைத்தான் பார்த்தேன். அன்றைக்கு முதல் தரம் அரசனைப் பார்த்தேன். பாவம், அவனும் மாட்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறான். ஆனாலும் அவனுக்குக் கேட்க வைத்தியர்கள் இருந்தார்கள். எனக்கு விளக்குமாறுதான் இருந்தது.

வெளியே வந்தேன். முதலில் உண்மையைச் சொல்வோம், உண்மை சில நேரம் வேலை செய்யும் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, நான் ஓதுறது மந்திரம் இல்லை. ரெயில் ஸ்டேசன் பேருகள்."

"தெரியும் அண்ணன்," என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"வெட்டிங்கன்லதானே நான் ஒவ்வொரு நாளும் இறங்குறன். அந்தப் பேரெல்லாம் எனக்குத் தெரியாதா? அண்டைக்கு மண்டபத்துல உங்களுக்குப் பக்கத்து மேசையிலதான் நான் இருந்தன்."

கணவர் கீழே பார்த்துச் சிரித்தார். "எனக்கும் தெரியும் அண்ணன். கில்வாங்கன் தாண்டித்தான் என்ட வேலை."

"பேந்து என்னத்துக்கு என்னட்ட வந்தனீங்கள்?"

"நீங்க சொன்னா நிண்டுதே," என்றார் அந்தப் பெண். "அந்தாளுக்கு விக்கல் நிண்டுதா இல்லையா? எதைச் சொன்னா என்ன?"

என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் அதோடு போயிற்று. அவர் ஏமாறவில்லை. ஏமாறாத ஆளை எப்படித் திருத்துவது? அங்கே நின்றபடிதான், அரசனின் வழியைத் தலைகீழாகப் பிடித்தேன்.

"சரி. ஓதுறன். ஆனால் இது மருந்தோட போற ஓதல். டொக்டர் கை வைச்சால்தான் இது ஏறும். அவர் வெட்டாட்டி என்ட தண்ணி வெறும் தண்ணி."

அவர் பேரம் பேசினார். "அப்ப நீங்க அங்க வாங்க. என்னைய உள்ளுக்குக் கொண்டு போகும்வரைக்கும் பக்கத்துல நிண்டு ஓதணும்."

"ஓம்."

"பகிடி விடக்கூடாது."

"ஓம்," என்றேன் மறுபடியும். அதுதான் கடினமான பகுதி என்று எங்கள் மூவருக்கும் தெரியும். கணவர் அதற்குள் கைபேசியை எடுத்து மருத்துவமனைக் கண் பகுதிக்கு அழைத்துக்கொண்டிருந்தார். காலைக்குக் குறித்துக் கொடுத்த நேரத்தை, டெர்மினை, அவர்கள் இன்னும் அழிக்கவில்லை.

வீட்டில் மனைவி கேட்டுவிட்டுத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு புதுப் போத்தலைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கித் தந்தாள். "போங்கோ," என்றாள்.

மறுநாள் காலை மருத்துவமனையில் அந்தப் பெண்ணுக்கு ஏற்கனவே சட்டை மாற்றி, கட்டிலில் சாய்த்திருந்தார்கள். கையில் ஊசி ஏற்றி ஒட்டியிருந்தது. எந்தக் கண் என்று பிழைக்காமல் இருக்க, நெற்றியில் நல்ல கண்ணுக்கு மேல் மை பேனையால் ஒரு அம்புக்குறி கீறியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் திருநீறு. துடைத்த பிறகும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. நான் கட்டில் ஓரத்தில் நின்று போத்தலைத் திறந்து, ஓதினேன். பகிடி இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக அந்தப் பெயர்களை நான் சொன்னதில்லை. நிறுத்தும் இடங்களில் நிறுத்தி, மூச்சு விட்டுச் சொன்னேன். ஒவ்வொரு பெயரும் ஒரு கதவு திறந்து மூடுவதுபோல இருந்தது. ஊதினேன். கோப்பையில் ஊற்றி நீட்டினேன்.

"நெய், நெய்!" என்று, அவர்கள் பாஷையில் இல்லை, இல்லை சொல்லிக்கொண்டு தாதி ஓடி வந்தார். ஒன்றும் குடிக்கக்கூடாது. வெறும் வயிறு. ஒரு மிடறும் ஆகாது.

இதை நான் யோசித்திருக்கவேண்டும். இந்த நாட்டில் எத்தனை வருடம், எத்தனை பேரை ஒப்பரேசனுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். வெறும் வயிறு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தண்ணி ஓதுகிற எங்கள் ஆட்களில் எவரும், குடிக்கக்கூடாத நோயாளிக்கு ஓதினதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"உள்ளங்கையில பூசுவமோ?" என்று கேட்டேன். ஊசி இருக்கிறது, ஈரம் படக்கூடாது என்றார் தாதி. "நெத்தியில?" அம்புக்குறி அழிந்துவிடும். "காலில?" தாதி என்னைப் பார்த்த பார்வையில், நான் யார், இந்த மனிதனை யார் உள்ளே விட்டது என்ற இரண்டு கேள்வியும் இருந்தன. அந்தப் பெண்ணின் முகம் இறுகத் தொடங்கியது. கட்டில் விளிம்பை அவர் பிடித்த பிடியை நான் கண்டேன். இறங்கிவிடப் போகிறார் என்று நினைத்தேன். கோப்பை என் கையில் தளும்பி, சட்டையில் சிந்தியது.

அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தலையைச் சரித்து, திரை இறங்காத மிச்சத்தால்.

"அண்ணன், உங்களுக்குக் கை நடுங்குது."

"இல்லை, குளிர்."

"நீங்க குடிங்க."

"நானோ?"

"குடிங்க. உங்களுக்குத்தான் இப்ப வேணும். நான் உள்ள படுத்துக் கிடக்கப் போறன். நீங்கதானே வெளிய இரிக்கணும்."

தாதி காத்துக்கொண்டு நின்றார். கணவர் என் தோளில் கை வைத்தார். நான் குடித்தேன். முழுவதையும். என் எச்சில் காற்று பட்ட, ஏழு ரயில் நிலையம் கலந்த, எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர். நடுக்கம் நிற்கவில்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். ஆனால் அந்தப் பெண் சிரித்துவிட்டார். எனக்காகச் சிரித்தாரோ, என்னைப் பார்த்துச் சிரித்தாரோ தெரியாது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனபோதும் அந்தச் சிரிப்பு முகத்தில் கிடந்தது.

கதவு மூடின பிறகு நானும் கணவரும் நடைபாதையில் இருந்தோம். அவர்தான் முதலில் பேசினார்.

"அண்ணன், மலையில இரிக்கிற கறுப்பு மாதாவுக்கு நேந்திருக்கன். கண் வந்தா, உடனே கூட்டிட்டு வாறன் எண்டு."

"நீங்கள் சைவமெல்லோ?"

"மாதா அதெல்லாம் கேக்கமாட்டா."

பிறகு சத்திரசிகிச்சை செய்த டொக்டர் வெளியே வந்து பேசினார். விழித்திரையை ஒட்டியாயிற்று. அது பிடிக்கும்வரை அமத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறது. இனி நாட்கணக்கில் முகம் கீழே பார்த்தபடி இருக்கவேண்டும். பார்வை எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது. விமானம் கூடாது, மலைக்குப் போகக்கூடாது. உயரம் ஏறினால் வாயு விரிந்து கண்ணைக் கெடுத்துவிடும். கணவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"மாதாவுக்குச் சொல்லுங்கோ, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி," என்றேன். அன்றைக்கு நான் விட்ட ஒரே பகிடி அது. அவர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. கண்ணை மூடி, உண்மையாகவே சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அந்தப் பெண் சமையல் மேசையில் நெற்றியை ஒரு தலையணைமேல் வைத்துக் குனிந்தபடி இருந்தார். கையில் கோயில் நூல். அதோடு சேர்த்து, கண்ணில் வாயு உண்டு என்று எழுதின மருத்துவமனைப் பிளாஸ்டிக் காப்பு. தரையோடுதான் கதைப்பார். சாப்பாட்டைக் கணவர் கீழிருந்து ஊட்டினார். நல்ல கண்ணில் கை அசைவது மட்டும் தெரிந்தது, அதுவும் வெள்ளையாக. வரும் என்று டொக்டர் சொல்லவில்லை. வராது என்றும் சொல்லவில்லை. நான் அவர் வீட்டு வாசலில் நின்று மணி அடிக்க முன்பு, ஒவ்வொரு தரமும், படியில் கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் போவேன். வேறு யாருக்கும் நான் அந்த நாட்களில் தண்ணி ஓதவில்லை. ஒருவர் பல்வலியோடு வந்தார். பல் டொக்டரின் இலக்கம் கொடுத்து அனுப்பினேன். ராசி போய்விட்டது என்று கதை பரவியது. பரவட்டும் என்று விட்டேன்.

தலையை நிமிர்த்தலாம் என்று சொன்ன கிழமையில் மனைவியோடு போனேன். அவர் யன்னலுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து இருந்தார்.

"நில்லுங்க அண்ணன். அசையாதீங்க."

மங்கல் கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். நல்ல கண்ணால் பார்த்தார். நான் நின்ற நிலையில் நின்றேன்.

"மேல ஒரு துண்டு தெளிவா இரிக்கு," என்றார். "கீழ முழுக்கத் தண்ணி. குளத்துக்குள்ள நிக்கிறமாதிரி நிக்கிறீங்க. தண்ணிக்கு மேல உங்கட நெத்தி மட்டும் தெரியுது. பெரிய நெத்தி."

"அது நெத்தி இல்லை, வழுக்கை," என்றாள் என் மனைவி.

வாயு கரையக் கரைய அந்தத் தண்ணீர்க் கோடு இறங்கும், இறங்கின அளவுக்கு மேலே பார்வை தெளியும் என்று டொக்டர் விளங்கப்படுத்தியிருந்தாராம். எவ்வளவு இறங்கினாலும், மூக்குப் பக்கத்து மூலை ஒன்று இருட்டாகவே இருக்கும், அது திரும்பாது என்றும் சொல்லியிருந்தார். அந்தப் பெண் அந்த இரண்டையும் ஒரே குரலில் எங்களுக்குச் சொன்னார். பிறகு முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் தேடினார்.

"அவர் எங்க?"

"இஞ்சதான் நிக்கிறன்," என்றார் கணவர். எனக்குப் பக்கத்திலேயேதான் நின்றார். குள்ளமான மனிதர்; முழு ஆளும் தண்ணீருக்குள்.

"தெரியல்லையே."

அவர் குசினிக்குள் போய், மேல்தட்டுச் சாமான் எடுக்க வைத்திருந்த சிறிய முக்காலியைத் தூக்கி வந்து, என் பக்கத்தில் போட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றார்.

அந்தப் பெண் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "முகம் வழிக்கல்லையா நீங்க?" என்று கேட்டார். கணவர் சிரைக்காத தாடையைத் தடவிக்கொண்டு, முக்காலிமேல் நின்றபடியே, இல்லை என்று தலையாட்டினார்.